எதிரிப் பக்கம் நின்ற அப்பா

"செல்லத்தாய் அப்படித்தான் ஆரம்பிப்பா ஜெயினம்பு. விட்றாத. அந்த இடத்துலதான் நீ அடிக்கணும்."

அப்துல் வஹீதின் சைக்கிள் கடை வாசலில் நின்ற செல்லத்தாய் காதைத் தீட்டினாள். உள்ளே பேசுவது வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அப்பா நல்லகாமன்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் அணுச் சோதனை நடந்த வருஷம் அது. சர்க்கார் அதைக் குண்டு என்றே சொல்லவில்லை. தல்லாகுளம் டீக்கடைகளிலோ குண்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. செல்லத்தாய் படித்த கல்லூரி மட்டும் சும்மா இருக்குமா? 'இந்தியாவுக்கு அணுகுண்டு தேவையா, இல்லையா?' என்று பட்டிமன்றம் வைத்துவிட்டார்கள்.

சீட்டுக் குலுக்கியதில் 'தேவை' வஹீதின் மகள் ஜெயினம்புவுக்கும், 'தேவையில்லை' செல்லத்தாய்க்கும் விழுந்தது. ஜெயிப்பவருக்கு டெல்லியில் இறுதிப் போட்டி. அங்கேயும் தேறினால் போர்த்தந்திரம் படிக்க இடமும் உதவித்தொகையும் உண்டு.

தோற்றால்? அதற்கும் அம்மா சோலையம்மாள் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். திருவாதவூர் மாமன் மகன் முத்திருளன். தை மாசம் முகூர்த்தம்.

ஒரு வாரமாகச் செல்லத்தாய் வீட்டில் சத்தம் போட்டுப் பேசிப் பழகினாள். அப்பா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏதாச்சும் சொல்லித் தாங்கப்பா. பட்டாளத்துல இருந்தவுகதானே?"

"எனக்கு என்ன தெரியும் தாயி?"

அப்படிச் சொன்ன மனுஷர்தான் இப்போது, அவள் வீட்டில் பேசியதை ஒரு வரி விடாமல் எதிராளிக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்து நல்லகாமன் வீட்டுக்கு வந்தார்.

"எங்கப்பா போயிட்டு வாரீங்க?"

"சைக்கிள் பஞ்சரு தாயி."

"பஞ்சர் சைக்கிளுக்கா, எனக்கா? எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். பெத்த மகளைத் தோக்கடிக்கிறதுல உங்களுக்கு அம்புட்டு ஆசையா?"

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

சோலையம்மாள் சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "பட்டாளத்துலயும் எதிரியா நின்ன மனுசன்தானே! பழக்கம் எங்க போகும்?"

தெருவே சொல்லிச் சிரிக்கும் கதை அது. அறுபத்திரண்டாம் வருஷத்துச் சீனச் சண்டையில் பனியில் விறைத்து, நல்லகாமனின் இடது காலில் இரண்டு விரல்கள் போயின. அதன் பிறகு அவரைப் பயிற்சிப் பள்ளிக்கு மாற்றினார்கள். புது ஆபீசர்கள் தரையில் மணலைக் குவித்து, மலையும் ஆறும் செய்து, சண்டை போட்டுப் பழகுவார்கள். அங்கே எதிரிப் பக்கம் நின்று அவர்கள் திட்டத்தை உடைப்பதுதான் பத்து வருஷம் அவர் பார்த்த வேலை.

செல்லத்தாய் எழுதி வைத்ததையெல்லாம் கிழித்துப் போட்டாள். மிச்சமிருந்த நாலு நாளும் அப்பாவோடு பேச்சில்லை. 'இந்த இடத்தில் அப்பா ஜெயினம்புவுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்?' என்று வரிக்கு வரி யோசித்துப் புதிதாக எழுதினாள்.

பட்டிமன்றத்தன்று கல்லூரி மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஜெயினம்பு பொரிந்து தள்ளினாள்.

"குண்டு போடுறதுக்கு இல்லீங்க, அடுத்தவன் நம்ம மேல போடாம இருக்குறதுக்கு! அறுபத்திரண்டுல வெறுங்கையோட நின்னு அடி வாங்கினது மறந்துபோச்சா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நல்லகாமனும் தட்டினார். அதைப் பார்த்த செல்லத்தாய்க்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

எழுந்தாள்.

"எங்கப்பா அந்தச் சண்டையில இருந்தாரு. அவரு கால்ல ரெண்டு விரல் இல்ல. அணுகுண்டு இல்லாததால அது போகல. பனிக்குத் தாங்குற பூட்ஸ் இல்லாமத்தான் போச்சு. முதல்ல சிப்பாய்க்குப் பூட்ஸ் குடுங்க!"

பல தலைகள் நல்லகாமனின் காலைத் தேடித் திரும்பின.

"பயம் காட்டி எதிரியை நிறுத்தலாம்னு ஜெயினம்பு சொல்றா. அதுக்கு ரெண்டு பக்கமும் ஒருதரம்கூடத் தப்புக் கணக்குப் போடக்கூடாது. மத்த சண்டையில தப்புப் பண்ணினா திருத்திக்க மறுநாள் இருக்கும். இதுல மறுநாளே கிடையாது."

நடுவர் யோசிக்கவே இல்லை. டெல்லிக்குச் செல்லத்தாய் என்று அறிவித்துவிட்டார்.

சோலையம்மாள் தை முகூர்த்தத்தை மறந்து, "எம்மக! எம்மக!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடையிலேயே ஜெயினம்பு ஓடிவந்து செல்லத்தாயின் கையைப் பிடித்தாள். "நல்லகாமன் மாமா சொன்னது சரியாப் போச்சு."

"என்ன சொன்னாரு?"

"'எம் மகளோட முழு மூச்சா மோது. நீ ஜெயிச்சா நீ போ, நானே ரயிலேத்தி விடுறேன். அவ ஜெயிச்சா டெல்லியில எவன் கேள்வி கேட்டாலும் அவ அசைய மாட்டா'ன்னாரு."

செல்லத்தாய் கீழே இறங்கினாள். நல்லகாமன் ஓர் ஓரமாக, இடது காலை முழுதாக ஊன்றாமல் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஏம்ப்பா, இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

"எதிரி சொல்லிட்டா வருவான்?"

விறைப்பாக நிமிர்ந்து மகளுக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"பயிற்சிப் பள்ளியில என்னை ஜெயிச்சவனை மட்டுந்தான் தாயி எல்லைக்கு அனுப்புவாக. நீ இனி டெல்லிக்குப் போகலாம்."