தாலாட்டு மட்டும் பாக்கி

தையல்காரியின் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, தாலாட்டு பாடினால் வீறிட்டு அழுவான். ரேடியோவில் புல்லாங்குழல் ஒலித்தால்தான் அடங்குவான். “இவன் பென்ஷன் வாங்கவே பொறந்தவன்க்கா” என்று அவள் தம்பி கேலி செய்தான்.

நடக்கத் தொடங்கியதும், நடுத்தர வயது ஆண்கள் தனியாக உட்கார்ந்து கேட்கும் சோகப் பாட்டுகள் மேல் பைத்தியமானான். பிறகு காதல் டூயட். போன மாதம் முழுக்கக் குத்துப்பாட்டு. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ரசனை கிழவனிலிருந்து குழந்தையை நோக்கிப் பின்னால் நடப்பதைக் கவனித்த அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு இன்னும் ஐந்து வயதுகூட ஆகவில்லை.

நேற்று நர்சரிப் பாட்டு கேட்டான். இன்று மதியம் தையல் மெஷின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டான்.

“தாலாட்டு பாடும்மா.”

“எனக்கு எதுவும் தெரியாதுடா கண்ணு.”

“தெரியும். போன தடவை பொறந்தப்போ பாடினியே. நான் தூங்கிட்டேன். நீ எழுப்பினே, நான் எழுந்திரிக்கல. அப்பவும் பாடிட்டே இருந்தியே.”

பாட்டு அவள் தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஊசிக்குக் கீழே துணியே இல்லாத மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

அந்தச் சத்தத்துக்கு மெல்லத் தலையசைத்தபடி, அவன் கண்ணை மூடினான்.