நாற்பது ஐந்து நட்சத்திரங்கள்

கம்ப்யூட்டரில், பதில் கடிதத்தில், பழைய கூட்டாளியின் பெயரைத் தட்டிவிட்டான். அனுப்பத்தான் கை வரவில்லை.

எழுந்தான். குட்டி போட்ட பூனையாய் அறைக்குள்ளேயே சுற்றினான். ஃபேனைப் போட்டான், அணைத்தான், மறுபடி போட்டான்.

காலையில்தான் ஆப் ஸ்டோர்காரர்கள் அவனுடைய செயலியைக் கடையிலிருந்து தூக்கியிருந்தார்கள். ஒரே மதியத்தில், ஒரே வைஃபையிலிருந்து, நாற்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்களாம். கள்ள ஓட்டு என்கிறது கம்பெனி.

யார் வேலை என்று எழுதினால் திரும்ப வைப்பதைப் பற்றி யோசிப்பார்களாம். அவனோ அவன் சொந்தக்காரர்களோ செய்திருந்தால் கணக்கே காலி. இனி எந்தச் செயலியையும் அந்தக் கடையில் வைக்க முடியாது.

கூட்டாளியேதான், வேறு யார்? சண்டை போட்டுப் பிரிந்தவன். இதே மாதிரி ஒன்றைச் செய்து விற்பவன். போட்டிக்காரனுக்குப் பொய் நட்சத்திரம் வாங்கிக் கொடுத்து மாட்டிவிடுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

சாட்சியா? சாட்சி கிடக்கட்டும், நெஞ்சுக்குத் தெரியாதா!

வேலையை விட்டுவிட்டு, மனைவி சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு வருடம் முக்கி முக்கிச் செய்த செயலி அது. நெடுஞ்சாலையில் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டும்.

பஸ் ஓட்டும் மாமனார் அதைக் கேள்விப்பட்ட அன்று, "கக்கூஸ் காட்டுறதுக்கா மாப்ள இவ்வளவு படிச்சீங்க?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அவனும் அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

அழைப்பு மணி அடித்தது. பார்த்தால், காக்கிச் சட்டையோடு மாமனார். இந்த மனுஷனுக்கு வர வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக வந்தது.

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே செல்போனை நீட்டினார்.

"என்ன மாப்ள, நம்ம ஆப்பைக் காணோம்? நேத்து டிப்போல சாப்பாட்டு நேரத்துல ஒருத்தரையும் விடல. டிப்போ வைஃபைல எல்லார் போன்லயும் ஏத்திக் குடுத்து, பக்கத்துலயே நின்னு அஞ்சு ஸ்டார் போட வச்சேன். இன்னிக்கு அடுத்த ஷிஃப்ட்டைப் பிடிக்கலாம்னு பார்த்தா, ஆளையே காணோம்!"

நம்ம ஆப் என்றார்.

அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அடப்பாவி மனுஷா, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

ஏதோ சின்னக் கோளாறு என்று சமாளித்து, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். தண்ணீர் கொடுத்தான். அவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். எந்த பங்க்கில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எதில் தண்ணீர் வருவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் செயலியைப் பார்த்து, போய்ப் பார்த்துவிட்டு வந்தவை.

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். கூட்டாளியின் பெயரை அழித்துவிட்டு, 'என் மாமனார்' என்று அடித்தான்.

அவர்கள் கேட்காத ஒன்றையும் கீழே சேர்த்தான்: 'அவருக்கு என் செயலி பிடித்திருக்கிறது.'

அனுப்பினான்.