ஓசூருக்கு ஒரு நாள் கணவன்

அவள் கேட்டதும் அவன் சரி என்றுவிட்டான்.

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிடுகிறேன் என்றான், அவ்வளவுதான். அதுதான் அவளுக்கு வலித்தது.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரி. மத்தியான நேரம். இரண்டு டீ, நடுவில் அவனுடைய செல்போன். பிரிந்த பிறகு இருவரும் ஒரே மேசையில் உட்காருவது இதுதான் முதல் தடவை.

ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போய்ச் சேரவேண்டும். அவள் பார்த்தறியாத ஊர். குளிருமாம். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது, ஐயோ பாவம் என்று பார்க்கவும் ஆள் இல்லை. அதற்காகவே ஒத்துக்கொண்டாள்.

போன் போட்ட இடத்திலெல்லாம் வீடு காலியாக இருந்தது. நீங்கள் மட்டுமா என்பதற்கு ஆமாம் என்றதும் இல்லாமல் போனது. கடைசியாக ஒரு வீட்டுக்காரம்மா மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டு, பிறகு பேசலாம் என்றார்.

காட்டுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? சட்டப்படி இன்னும் அவன்தான்.

அவன் திட்டம் போட்டான். அந்த விஷயத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில். விடிந்ததும் ஓசூர். லாட்ஜ் வேண்டாம், ஸ்டேஷனிலேயே குளித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வீட்டுக்கு எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டு, வீட்டுக்காரம்மா சமையலை முடித்து உட்காரும் நேரமாகப் போய் நிற்கவேண்டும். அன்றைக்கே திரும்பிவிடலாம்.

"ஒரே பெட்டியில சீட்டு இல்ல," என்றான்.

தேடிப் பார்த்தீர்களா என்று அவள் கேட்கவில்லை.

"மோதிரத்தப் போட்டுக்கோ. மொதல்ல அதத்தான் பாப்பாங்க."

அவள் மோதிரம் அண்ணன் வீட்டு பீரோவில் கிடந்தது. அவன் விரலில் அவனுடையது அப்படியே இருந்தது. கழற்ற மறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படித்தான் அன்றைக்கும். அவர்களுடைய ஒரே பிள்ளை காய்ச்சலில் போனபோது கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்த்தது, சவப்பெட்டிக்குச் சொன்னது, வந்தவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தது, எல்லாம் அவன். ஒரு குறை சொல்ல முடியாது. அடுத்த வாரமே பிள்ளையின் சட்டை, செருப்பு, விளையாட்டுச் சாமான் அத்தனையையும் ஒரு அனாதை விடுதியில் கொடுத்துவிட்டு வந்து, சாப்பாடு போடு என்றான்.

அழவில்லை. அதற்குப் பிறகு பிள்ளையின் பெயர் அவன் வாயில் வரவே இல்லை. அவள் சொன்னாலும் எழுந்து வெளியே போய்விடுவான்.

கல்லோடு குடித்தனம் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவன் தடுக்கவும் இல்லை. ஆட்டோ பிடித்துக் கொடுத்தான்.

"அந்தம்மா என்னென்ன கேக்கும்னு இப்பமே பாத்துக்கிடுவோம்," என்றான். "நீ அந்தம்மா மாதிரி கேளு. நான் பதில் சொல்லுதேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சார் எங்க வேலை பாக்கறாரு?"

"மஸ்கட்ல. வருசத்துக்கு ஒருக்கதான் வருவேன். அதான் இவ தனியா இருக்கா."

"சண்டை கிண்டை ஒண்ணும் இல்லியே?"

"சேச்சே."

பொய்யைக்கூட முறையாகச் சொன்னான்.

அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். எந்த ஊர் வீட்டுக்காரம்மாவும் அதைக் கேட்காமல் விடமாட்டார். இல்லை என்று அவன் சொல்லிவிடுவான். மஸ்கட் என்று சொன்னதுபோலவே சுளுவாகச் சொல்லிவிடுவான். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது. வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

இருந்தும் கேட்டாள்.

"பிள்ளைங்க?"

"ஒரு பையன்."

அவள் நிமிர்ந்தாள்.

"இங்கயே அவன் மாமா வீட்டுல இருந்து படிக்கான். அஞ்சாம் கிளாஸ். நடுவுல பள்ளிக்கூடத்த மாத்த வேண்டாம்னு விட்டுட்டோம்." செல்போனைப் பார்த்துக்கொண்டே பேசினான். திரை எப்போதோ அணைந்துவிட்டிருந்தது. "கணக்கு நல்லா போடுவான். தமிழ்தான் உதைக்கும். கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். போன லீவுலதான் சைக்கிள் பழகுனான். முட்டியில நல்ல அடி. அம்மாட்ட சொல்லிராதீங்கப்பான்னு ஒரே கெஞ்சல்."

போனது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. சைக்கிளே ஏறாத பிள்ளை.

ஒவ்வொரு ஜூன் மாதமும் அவள் மனதுக்குள் பிள்ளையை ஒரு வகுப்பு ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மண்டை குழம்பிவிட்டது என்பார்கள். இந்த வருடம் ஐந்தாம் வகுப்புதான்.

"வாவல் மீன் பொரிச்சா எங்க ரெண்டு பேருக்கும் மிச்சம் வைக்க மாட்டான். இப்ப என் நெஞ்சு வரைக்கும் வளந்துட்டான். போன வருசத்துச் சட்டை ஒண்ணும் பத்தல."

அவன் நிறுத்துவதாக இல்லை. டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

போதும் என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். வந்தது வீட்டுக்காரம்மாவின் கேள்வி.

"பையன் பேரு என்ன?"

அவன் வாயைத் திறந்தான். வந்த சத்தத்தில் பெயர் இல்லை.

பேக்கரியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.