நீள ஒயர் வேண்டும்

அவள் ஊர்களை அழித்துக்கொண்டிருந்தாள்.

ஓர் ஊரைத் தொட்டால் கடையின் இணையதளத்தில் அதற்கான பக்கம் திறக்கும். மேலே ஊரின் பெயர். இறந்தவர் உடலை வைக்க ஃப்ரீசர் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும், எந்நேரமும் அழைக்கலாம் என்று கீழே நான்கு வரி. கடைசியில் கடையின் போன் நம்பர்.

எல்லா ஊருக்கும் அதே நான்கு வரிதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாலுகா வரைபடத்தைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டியவள் அவள்தான்.

இப்போது அதுவே வினையாகிவிட்டது. ஒரே சரக்குக்கு ஊர் ஊராகப் பெயர் வைத்திருப்பதைத் தேடுபொறி கண்டுகொண்டது. கடை இருக்கும் திண்டுக்கல்லின் பெயரைப் போட்டுத் தேடினால்கூட இவர்கள் கடை எங்கோ அடியில் கிடக்கிறது.

"ஆளே வராத பக்கத்தையெல்லாம் தூக்கிரும்மா," என்று காலையில் சொல்லியிருந்தார் கடை முதலாளி ஜெபமணி. "தூரத்து ஊரு நமக்கு எதுக்கு? வத்தலக்குண்டுக்காரன் பாத்துக்கட்டும். புதுசா எழுத விஷயம் இருக்கற ஊருன்னா மட்டும் வச்சுக்க."

தூக்கினாள்.

நிச்சயமாகவா என்று கணினி ஒவ்வொரு தடவையும் கேட்டது. ஆம் என்றாள். கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. மேசையில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

பிறகு சீலப்பட்டி வந்தது.

அவள் பிறந்த ஊர்.

அங்கிருந்து அவளிடம் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அன்றோடு அது முடிந்துபோனது. பிறகு அவள் நம்பரும் மாறியது. எங்கே வேலை பார்க்கிறாள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

வந்தவர்கள் என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று இருந்தது.

அந்த ஒன்று யாரென்று அவளுக்குத் தெரியும்.

போன ஐப்பசி. நல்ல மழை. கடை போன் அடித்தது. எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டாள். எந்த ஊருங்க?

சீலப்பட்டி என்றது தம்பியின் குரல்.

அடுத்த கேள்வி வாயில் வந்துவிட்டது. பழக்கம். இறந்தவர் பெயர் கேட்டாள். அப்பாவின் பெயரைச் சொன்னான்.

வயது கேட்டாள். அறுபத்தைந்து என்றான்.

அறுபத்திரண்டு.

அவள் திருத்தவில்லை.

"கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க மேடம்," என்றான்.

அனுப்பினாள்.

அவள் போகவில்லை.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த டிரைவர் சவரிமுத்து, வாசலிலேயே ஆரம்பித்தார். "என்ன ஊருக்கா அது? வண்டி பிள்ளையார் கோயிலோட நின்னுக்கிருச்சு. பொட்டியத் தூக்கிக்கிட்டே நடந்தோம், மாப்பிள்ள ஊர்வலம் மாதிரி. அந்த வீட்டுல பிளக்கு வேற லூசு. பொட்டி நின்னு நின்னு ஓடியிருக்கு. இறந்தவரு சம்சாரம் விடிய விடிய ஒயரப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சாம். அழக்கூட இல்லியாம்."

அவள் அவருக்கு டீ சொன்னாள்.

அந்த வீட்டிலிருந்து இனி அவளுக்கு வரவேண்டிய செய்தி ஒன்றுதான். அது வருவதற்கு இருக்கும் வழியும் இந்தப் பக்கம் ஒன்றுதான். இதை எடுத்துவிட்டால், தம்பி தேடும் அன்றைக்கு வத்தலக்குண்டுக் கடை வரும். அந்தக் கடையில் வேறு யாரோ போனை எடுப்பார்கள். வேறு யாரோ அம்மாவின் வயதைக் கேட்பார்கள்.

அம்புக்குறியை 'அழி' மேல் கொண்டுபோனாள்.

அழுத்தாமல் நகர்த்தினாள்.

நான்கு வரியை மட்டும் அழித்தாள். ஊர்ப் பெயரின் கீழே வெள்ளையாக இருந்தது. எழுத ஆரம்பித்தாள்.

சீலப்பட்டிக்கு வருகிற வண்டி ரேஷன் கடையைத் தாண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும். மழைக்காலத்தில் வாய்க்கால் பாலம் வழுக்கும். பிள்ளையார் கோயிலுக்கு மேல் வண்டி போகாது. அங்கிருந்து தூக்க ஆள் வேண்டும். தெருக்கோடி ஓட்டு வீட்டில் வாசல் நிலை தாழ்வு. பெட்டியைச் சற்றுச் சாய்த்துத்தான் நுழைக்க முடியும்.

நிறுத்தினாள்.

பிறகு எழுதினாள்.

நடுவீட்டுப் பிளக்கில் போட வேண்டாம். அடுப்படியில் கிரைண்டர் பிளக் நன்றாக இருக்கும். நீள ஒயர் வேண்டும்.

முதலாளி பின்னால் வந்து நின்று படித்தார்.

"இந்த ஊருக்கு மட்டும் என்னம்மா கதையே எழுதுற?"

"புதுசா விஷயம் இருந்தா வச்சுக்கச் சொன்னீங்கண்ணே."

"வந்ததே மொத்தத்துல ஒரே ஆளு. இனி அங்கருந்து யாரு வரப்போறா?"

"வருவாங்கண்ணே."

அவர் காதைக் குடைந்துகொண்டே உள்ளே போய்விட்டார்.

சேமித்தாள். அடுத்த ஊர் வந்தது. நிச்சயமாகவா என்றது. ஆம்.

போன் அடித்தது.

முன்பெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். ஐப்பசிக்குப் பிறகு ஒரு மணி அடிக்கவிட்டு எடுக்கிறாள்.

"எந்த ஊருங்க?"

சொன்னார்கள்.

வேறு ஊர்.

ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வயது கேட்டாள்.