வெள்ளைக் கையுறை

“அந்தக் காட்டிக்கொடுத்தவன் பெட்டியை நான் தூக்கணுமா? போம்மா!”

அல்போன்ஸ் காபிக் கோப்பையை நகர்த்திவிட்டு, மேஜைமேல் கிடந்த வெள்ளைக் கையுறைகளை ஒரு விரலால் தள்ளினார். சவப்பெட்டி தூக்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிற கையுறை. செத்துப்போன ரஸ்ஸலின் தங்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

“ஆஸ்பத்திரியில கிடக்கும்போதே சொல்லியிருக்கார். தூக்குறவங்கள்ல நீ இருக்கணும்னு” என்றாள் மனைவி ஓடெட்.

“செத்தும் என்னைக் கேலி பண்றான் பாரு!”

ஒரு காலத்தில் லேக் சார்ல்ஸ் ஊரில் இவர்கள் இருவரையும் தனித்தனியாகப் பார்த்தவர் கிடையாது. தனித்தனியாக வைத்தது சட்டம் மட்டும்தான். வீட்டில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பரிசோதிக்கிறவர் அதைச் சுத்தம் செய்யக் கூடாது. சுத்தம் செய்கிறவர் பரிசோதிக்கக் கூடாது. அதனால் ரஸ்ஸல் பரிசோதிப்பார், அல்போன்ஸ் சுத்தம் செய்வார்.

வேலை முடிந்ததும் ரஸ்ஸல் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு சுவரையும் அலமாரியையும் தடவிப் பார்ப்பார். விரலில் கறை ஒட்டினால், “மறுபடி தேய்டா சோம்பேறி!” ஒட்டாவிட்டால் கையுறையைக் கழற்றி அல்போன்ஸின் தலையில் வைத்துவிடுவார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கம்போ சூப் சாப்பிடப் போவார்கள்.

அந்தச் சிரிப்புக்கு வேட்டு வைத்தது ஒரு இன்ஷூரன்ஸ்.

“நான் என்ன இன்ஷூரன்ஸ் இல்லாமலா வேலை செஞ்சேன்?” என்றார் அல்போன்ஸ் இப்போது.

“இருந்துச்சு. ஏணி விழுந்தா தருவான், ஜன்னல் உடைஞ்சா தருவான். பூஞ்சையால வர்ற எதுக்கும் தர மாட்டான். பூஞ்சை எடுக்கறதே தொழில்னு இருக்கிற மனுஷனுக்கு அப்படி ஒரு பாலிசி! பூஞ்சைக்கும் சேர்த்து எடுத்தாத்தானே லைசென்ஸே செல்லும்?”

“மலிவா இருந்துச்சு, எடுத்துட்டேன். புயல் சீசன் முடிஞ்சதும் மாத்திக்கிறேன்னுதானே சொன்னேன்? அதுக்குள்ள லைசென்ஸ் ஆபீஸ்ல போட்டுக் கொடுத்து லைசென்ஸைப் பிடுங்க வெச்சுட்டான். அந்தப் பாலிசியைப் படிச்ச வெளியாள் அவன் ஒருத்தன்தான்.”

“அப்போ உனக்கு அடுத்த வேலை குழந்தைங்க காப்பகத்துல. தூசிக்கு மறைப்பாக் கட்டின பிளாஸ்டிக் கிழிஞ்சு, பூஞ்சைத் தூசி குழந்தைங்க பக்கம் போயிருந்தா...”

“போக விடுவேனா நான்? இப்போ பெயிண்ட் கடையில டப்பா குலுக்கிக்கிட்டு நிக்கிறேன். யாரால?”

“அல்போன்ஸ்...”

“சந்தேகத்துல சொல்றேன்னு நினைக்காதே. நம்ம வாசல்லயே வெச்சு, ‘நீதானாடா?’ன்னு கேட்டேன். ‘ஆமா, நான்தான்’னான். நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?”

ஓடெட் அவருடைய காபிக் கோப்பையை எடுத்துக் கழுவப் போனாள்.

வாசலில் நடந்த அந்தப் பேச்சுக்குப் பிறகு அல்போன்ஸ் சும்மா இருக்கவில்லை. ஊரில் சுத்தம் செய்கிறவர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்தார். ரஸ்ஸல் பரிசோதித்த வீடென்றால் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. அவர் வெளியூர்களுக்கு அலைந்துதான் பிழைத்தார். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்த்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார். அல்போன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“நான் வரல. உனக்கு வேணும்னா போய் அழுதுட்டு வா.”

ஓடெட் கையுறைகளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் மழையில் நனைந்து திரும்பி வந்தாள்.

“என்ன, என் இடம் காலியா இருந்துச்சா?” என்றார் அல்போன்ஸ். காலையில் இருந்த வீம்பு குரலில் இல்லை.

“இல்ல. நான் தூக்கினேன்.”

“நீயா? நீ எதுக்குத் தூக்கணும்?”

அவள் கையுறைகளை மேஜைமேல் வைத்தாள். விரலெல்லாம் கல்லறைத் தோட்டத்துச் சேறு.

“அது என் இடம்தான், அல்போன்ஸ். ஆபீஸ்ல போய்ச் சொன்னது நான்.”

அல்போன்ஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“உன்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன்! நீ காதுலயே போட்டுக்கல. குழந்தைங்க காப்பகம்னு சொன்னதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. போய்ச் சொல்லிட்டேன்.”

“அப்போ அவன் ஏன் ‘நான்தான்’னான்?”

“நீ அவரைக் கேட்டப்போ நான் உன் பின்னாலதான் நின்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துட்டுத்தான் ‘ஆமா’ன்னார்.”

“இத்தனை நாளா என்கிட்ட ஏன் சொல்லல?”

“மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். உன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்னேன். வேண்டவே வேண்டாம்னுட்டார். அதுதான் சௌகரியம்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். அவர் பிழைப்பு கெட்டதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பாவி நான்.”

அல்போன்ஸ் அந்தச் சேற்றுக் கையுறையை எடுத்தார்.

“வேண்டாம்னு... என்ன சொன்னான்?”

ஓடெட் நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“‘என்மேல கோபம் வந்தா அவன் உன்கிட்ட வந்துடுவான், ஓடெட். உன்மேல கோபம் வந்தா எங்கே போவான்?’ன்னார்.”