கோர்ஃபுவில் இருக்கிறோம்

‘கிரீஸின் கோர்ஃபு தீவுக் கடலில் கால் நனைத்தபடி. சொர்க்கம் என்றால் இதுதான்!’ என்று எழுதி, கூடவே ஒரு படத்தையும் பேஸ்புக்கில் போட்டாள் மிரெல்லா. நீலத் தண்ணீருக்குள் நான்கு கால்கள். அவற்றில் இரண்டின் நகங்களில் புதுச் சிவப்புச் சாயம்.

லைக்குகள் வந்து குவிய ஆரம்பித்தன.

“காலை எடுத்துக்கலாமா?” என்று கேட்டான் அவள் கணவன் சபீனோ. அவள் தலையசைத்ததும் நீல பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து காலை எடுத்து, சமையலறைத் தரை நனையாமல் துடைத்துக்கொண்டான்.

ஆகஸ்டில் இத்தாலியின் ஃபோஜா நகரில் வீட்டோடு கிடப்பவனை ஊர் ஏற இறங்கப் பார்க்கும். கடைகள் பூட்டி, தெருவே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். சபீனோ வேலை பார்த்த டயர் தொழிற்சாலையை வசந்த காலத்தில் மூடிவிட்டார்கள். அவனுக்கு இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது; தெரியவும் கூடாது என்பது மிரெல்லாவின் பிடிவாதம்.

அதிலும் கீழ் வீட்டுத் தொனாத்தா, பல் டாக்டரின் மனைவி, சர்தீனியாத் தீவிலிருந்து தினம் ஒரு சூரிய அஸ்தமனம் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு மிரெல்லாவால் சும்மா இருக்க முடியவில்லை.

சில நாட்களுக்கு முன் ஊரார் கண்ணெதிரிலேயே பெட்டிகளோடு காரில் ஏறினார்கள். ஊருக்கு வெளியே ஒரு உறவினரின் கொட்டகையில் காரை விட்டுவிட்டு, இருட்டிய பிறகு பின்பக்கப் படிக்கட்டு வழியாக வீடு திரும்பினார்கள். அன்று முதல் சன்னல் திறக்கவில்லை, டிவியில் சத்தம் கிடையாது, குசுகுசுப்புதான் பேச்சு.

என்றைக்குப் போகிறோம், என்றைக்குத் திரும்புகிறோம் என்பதையெல்லாமா எழுதுவது, திருடனுக்குப் பத்திரிகை வைத்து அழைப்பது போல இருக்கிறதே என்று சபீனோ சொல்லிப் பார்த்தான்.

“நாமதான் வீட்லயே இருக்கோமே. திருடன் வந்து என்ன பண்ணிடுவான்?” என்றாள் அவள்.

மறுநாள் மதியம், சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் அழைப்புமணி அடித்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் முறையும் அடித்து ஓய்ந்தது. அப்பாடா என்று மிரெல்லா சாய்ந்துகொண்டபோது, கதவுப் பூட்டில் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. தோளில் கருவிப் பை, இஸ்திரி போட்ட சட்டை, ஐம்பதை ஒட்டிய வயது. குழாய் ரிப்பேருக்கு வந்தவன் மாதிரி ஒருவன் உள்ளே வந்தான். சோபாவில் இரண்டு பேரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான்.

சபீனோ கைபேசியை எடுத்து போலீஸுக்கு எண்ணை அழுத்தப் போனான். மிரெல்லா பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

“வேணாம். சம்பவம் நடந்தப்ப எங்க இருந்தீங்கன்னு கேப்பாங்க. வீட்லன்னுதானே சொல்லணும்? சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.”

திருடன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஓடவேண்டிய அவசியம் இல்லை என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

“இருபதாம் தேதிதான் திரும்புவோம்னு நீங்கதானே சிஞோரா எழுதியிருந்தீங்க? மணிகூட அடிச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன்.” அவன் குரலில் ஏமாந்தவனின் வருத்தம் இருந்தது.

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சபீனோ கேட்டான். அதில் கஷ்டமே இல்லை என்றான் திருடன். பால்கனிப் பூக்களைப் படமெடுத்துப் போட்டதில் தெருப்பெயர்ப் பலகை தெரிந்தது. கிறிஸ்துமஸ் விருந்துப் படத்தில் வெள்ளிச் சாமான் வைத்த அலமாரி இருந்தது. புது வாசற்கதவை ஆசையாகப் படம் எடுத்தபோது பூட்டின் கம்பெனிப் பெயரும் அதில் விழுந்திருந்தது.

மிரெல்லாவின் முகம் விழுந்துவிட்டது. பூட்டிய வீட்டுக்குள் வந்த நாளாக வெளியாள் ஒருவரிடம் அவள் பேசவே இல்லை; பேச ஆரம்பித்ததும் எல்லாமே கொட்டிவிட்டது. தொழிற்சாலை மூடியது, சபீனோ ராத்திரி தூங்காமல் கூடத்தில் நடப்பது, பிளாஸ்டிக் தொட்டி, எல்லாம். கணவனைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்று சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் என்றாள்.

தனக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம் என்று சபீனோவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதையாவது செய்யவேண்டுமே என்று, உனக்கும் காபி போடட்டுமா என்று திருடனிடம் கேட்டான்.

“வேணாங்க, இப்பதான் ஒரு கப் குடிச்சேன்” என்று சொல்லிவிட்டுத் திருடன் எழுந்தான். வெள்ளிச் சாமான் அலமாரிப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மட்டும் சொன்னான்.

மிரெல்லா வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

“நாங்க இங்க இருக்கறத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா அந்தக் கீழ் வீட்டு தொனாத்தாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா நான் தலைநிமிந்து நடக்க முடியாது.”

படியில் ஒரு காலை வைத்திருந்தவன் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“கீழ காபி குடுத்தப்ப அவங்களும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் சொன்னாங்க, சிஞோரா.”