முப்பது விநாடி அசையாமல்

பெரிய கேமரா, சின்ன கேமரா இரண்டில் ஒன்றை விற்றாக வேண்டும். எதை என்று முடிவு செய்ய, ஸ்டூடியோக்காரர் தன் மனைவியைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து இரண்டிலும் படமெடுத்தார். சின்னதற்கு ஒரு கிளிக் போதும். பெரியதற்கு முப்பது விநாடி அசையாமல் இருக்க வேண்டும். பதினோரு வருடமாக அந்த வீட்டில் அசையாமல் இருந்தவளுக்கு அதெல்லாம் ஒரு கஷ்டமா?

சாயங்காலம் பிரின்ட்டுகள் காய்ந்தன. சின்னதில் அவள் இருந்தாள். பெரியதில் நாற்காலி மட்டும் இருந்தது.

"அசைஞ்சிட்டியா?"

"மூச்சுகூட விடலைங்க."

மறுநாளும் எடுத்தார். மறுபடியும் வெறும் நாற்காலி.

"பெரிசைக் குடுத்துடுங்க. அதுல நான் விழ மாட்டேங்கறேன்."

அவர் பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கூர்மை பாரு. பிரம்பை இழை இழையா எண்ணலாம். சின்னதைத்தான் விக்கணும்."

அவள் குனிந்து பார்த்தாள். யாருமில்லாத நாற்காலியில் பிரம்பு மட்டும், ஓர் ஆள் உட்கார்ந்த பாரத்தில் கீழே தொய்ந்திருந்தது.

அவரும் அதைக் கவனித்துவிட்டார்.

"முதல்ல இந்த நாற்காலியை மாத்தணும்," என்றார்.